மேனேஜருக்கு இரண்டு யூனிட்

டெய்லரக்காவிடம் அடம்பிடித்து ஜெயித்த துணி இதுவரை கிடையாது. வழுக்குகிற சாட்டின், சுருங்குகிற பருத்தி, தைக்கத் தைக்க நெளிகிற நைலான், எல்லாம் அவள் மேசைக்கு வந்தால் பெட்டிப்பாம்புதான். வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டே வாடிக்கையாளரைச் சமாளித்து, பக்கத்துக் கடைக்காரரை நக்கலடித்து, புருஷனையும் இரண்டு வார்த்தை திட்ட அவளால் முடியும். அந்தத் தெருவில் அவளுக்கு அடங்காத ஒரே ஜீவன் மேனேஜர்.

மேனேஜர் ஒரு பூனை. சாம்பல் நிறம், ஏழு கிலோ, கேட்ட லீவை மறுக்கப்போகிறவர் மாதிரி ஒரு முகம். காலையில் கடை திறந்ததும் வெட்டுமேசைக்கு ஒரே தாவு. சாக்பீஸ் கோடு போட்டு வைத்த துணியின் நட்டநடுவில்தான் படுப்பார். கோடு அழியும், ரோமம் ஒட்டும். டெய்லரக்கா அளவுக்கட்டையை ஓங்குவாள். ஓங்கிய கை ஓங்கினபடியே நிற்கும். அத்தோடு சரி.

பஸ் ஓட்டுகிற அவள் கணவருக்கு இதில் பெரிய வயிற்றெரிச்சல்.

"நான் இந்த மேசையில ஒரு டம்ளர் வெச்சா ஊரைக் கூட்டுற. அவன் படுத்தா மட்டும் வாயைத் திறக்க மாட்டேங்கற."

"உங்களால ஒரே தாவுல ஏற முடியுமா? முடிஞ்சா நீங்களும் படுத்துக்கோங்க."

இவர்கள் கல்யாணமே ஒரு தையல் தப்பில் ஆரம்பித்தது. அவள் தொழில் பழகிய காலத்தில் டிரைவர் முழுக்கைச் சட்டைக்குத் துணி கொடுத்தார். கை நீளம் இருபத்துநாலு. அவள் டேப்பின் இஞ்சு பக்கத்தை விட்டுவிட்டு சென்டிமீட்டர் பக்கத்தில் இருபத்துநாலு பார்த்து வெட்டிவிட்டாள். முழுக்கை அரைக்கையாகிவிட்டது. சண்டை போட வந்தவர் மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். மூன்றாம் நாள் எதற்காக வந்தார் என்று இன்றுவரை சொல்லவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வீட்டில் ஒருநாள் மேனேஜரின் தண்ணீர்க் கிண்ணம் காலியாக ஆரம்பித்தது. நிரப்ப நிரப்பக் காலி. வாளி வாளியாகக் குடித்தார், வாளி வாளியாகப் போனார். ஏழு கிலோ ஐந்தானது. பின்னங்கால்களைக் குதிகால்வரை தரையில் பதித்து, இரண்டு சைஸ் பெரிய செருப்பு போட்டவர் மாதிரி நடந்தார். ஒருநாள் காலையில் மேசையை அண்ணாந்து பார்த்தார். உயரத்தைக் கணக்குப் போட்டார். அப்புறம் மேசைக்கு அடியிலேயே சுருண்டுவிட்டார்.

அன்று ஒரு முழுத் துணியையும் ஒரு ரோமம்கூட ஒட்டாமல் வெட்டி முடித்தாள் டெய்லரக்கா. வெட்டிய கையோடு கடையைப் பூட்டிவிட்டு, மேனேஜரைக் கூடையில் தூக்கி வைத்தாள்.

கால்நடை டாக்டரம்மா ரத்தம் பார்த்து, சர்க்கரை வியாதி என்றார். காலையிலும் மாலையிலும் சாப்பிட்ட பிறகு இன்சுலின். ஊசி போடும் முன்னால் காதோரம் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மீட்டரில் பார்க்க வேண்டும். டெய்லரக்கா இஸ்திரிப் பெட்டியில் காட்டிய துண்டுத்துணியை முதலில் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்து, பிறகு மேனேஜர் காதில் வைத்துச் சூடேற்றுவாள். குத்துவது தெரியாது. அத்தனை வருஷம் ஊசி பிடித்த கை. அறுபது பேரை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் பஸ்ஸைத் திருப்புகிற டிரைவர் மட்டும் அந்த ஒரு சொட்டு வரும்போது காலண்டரில் தேதி பார்ப்பார்.

எண்களெல்லாம் அளவு நோட்டில் ஏறின. ஒரு பக்கம் மார்பு முப்பத்தெட்டு, இடுப்பு முப்பத்துநாலு. அடுத்த பக்கம் மேனேஜர், காலை 412, மாலை 438. ஒரு யூனிட்டில் ஆரம்பித்தார்கள். அசையவில்லை. டாக்டரம்மா நோட்டைப் பார்த்துப் பார்த்து வாரம் ஒன்றாக ஏற்றினார். இரண்டு, மூன்று, நான்கு. சர்க்கரை நானூறை விட்டு இறங்குவேனா என்றது.

"நாளைக் காலையில இருந்து அஞ்சு போடுங்க அக்கா," என்றார் டாக்டரம்மா. "அதுலயும் இறங்கலன்னா இவன் தாங்க மாட்டான். மனசைத் திடமா வெச்சுக்கோங்க."

அன்று மாலை டிரைவர் புது ஊசிப் பெட்டியோடு வந்தார். வழக்கமான மருந்துக்கடை பூட்டியிருந்ததால் டிப்போ பக்கத்துக் கடையில் வாங்கியிருந்தார். பழைய ஊசிக்கு ஆரஞ்சு மூடி, இதற்குச் சிவப்பு.

"கலர் மாறியிருக்கே," என்றாள்.

"ஊசின்னா ஊசிதான். அவன் என்ன மேட்சிங் பார்க்கப் போறானா?"

மறுநாள் காலை மீட்டரில் 405. மேனேஜர் சாப்பிட்டு முடித்தார். ஐந்தாவது கோடுவரை மருந்தை இழுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கண் ஒத்துக்கொள்ளவில்லை. கால் இஞ்சு பிசகினாலும் பிடித்துவிடுகிற கண் அது. அஞ்சுக்கு இது அதிகம் என்றது. ஊசியைக் கீழே வைத்தாள்.

குப்பையிலிருந்து ஒரு பழைய ஊசியைத் தேடி எடுத்தாள். அதிலும் இன்னொரு புது ஊசியிலும் ஐந்து கோடு தண்ணீர் இழுத்து, கறுப்பு லைனிங் துணியில் தனித்தனியாகப் பீச்சினாள். பழையது சட்டைப் பொத்தான் அளவுக்கு நனைத்தது. புதியது கோட் பொத்தான் அளவுக்கு. ஒரு மில்லிக்கு எத்தனை யூனிட் என்று குழாயின்மேல் இருந்த பொடி எழுத்தைப் படித்தாள். பழையதில் 100, புதியதில் 40. மருந்துக் குப்பியைத் திருப்பினாள். 40.

"என்னங்க," என்றாள். "உங்க முழுக்கைச் சட்டை."

"அதை ஏன் இப்போ இழுக்கற?"

"அதே தப்பு. டேப்போட வேற பக்கத்துல அளந்திருக்கோம்."

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். இரண்டு ஊசியிலும் குப்பியிலும் இருந்த எண்களைப் படித்துக் காட்டினாள்.

"நான் நாப்பது ஊசின்னுதான் எழுதினேன் அக்கா. கடையில நூறைக் கொடுத்திருக்காங்க. வாங்கினப்பவே நான் பார்த்திருக்கணும். அந்த ஊசியில அஞ்சு கோடுன்னா நிஜத்துல ரெண்டு யூனிட்தான். இவ்வளவு நாளா அவனுக்கு மருந்தே பத்தல."

"இப்போ புது ஊசியில அஞ்சு போட்டிருந்தா?"

"சர்க்கரை அடியோட இறங்கி ஆளே போயிருப்பான். ரெண்டு போடுங்க. அதுக்கு மேல ஒரு பொட்டுகூட வேண்டாம். சாயங்காலம் ஊசிக்கு முன்னாடி நூத்தம்பதுக்குக் கீழ இருந்தா தொடாதீங்க, எனக்குச் சொல்லுங்க."

ஐந்துவரை இழுத்த ஊசியைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதிதாக இரண்டு இழுத்தாள். டிரைவர் இந்தத் தடவை காலண்டரைப் பார்க்கவில்லை. மேனேஜரின் தலையைப் பிடித்துக்கொண்டார். யாரும் சொல்லாமலே.

முதல் வாரம் 310. இரண்டாம் வாரம் 240. நோட்டில் எண்கள் படியிறங்க இறங்க, டிரைவரின் குரல் மாடியேறியது. ஊசி வாங்கிய தீரச் செயலை டிப்போவில் ஒரு ஆள் விடாமல் சொன்னார். பரிசாகத் தனக்கு ஒரு முழுக்கைச் சட்டை வேண்டும் என்றார்.

ஆறாவது வாரம் ஒரு மாலை, மீட்டரில் 96.

"நோட்டுல ரெண்டுன்னு இருக்கே, போட்டுடு," என்றார் டிரைவர்.

"ஆள் இளைச்ச பிறகு பழைய அளவுக்கா தைப்பேன்?" ஊசியைத் தொடவில்லை. போனைத்தான் தொட்டாள். அன்று ஊசி கிடையாது, நாளை முதல் ஒன்று போதும் என்றார் டாக்டரம்மா. சொல்லும்போது அவர் குரலே சிரித்தது. நோட்டில் இரண்டை அடித்து ஒன்று எழுதினாள் டெய்லரக்கா. பேனா கொஞ்சம் அழுத்திவிட்டது, பக்கம் ஓட்டையாகிவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு மாதம் கழித்து, கடை திறந்த வேளை. டிரைவர் கேட்ட முழுக்கைக்காக நீலத் துணியை மேசையில் விரித்து, இஞ்சு பக்கமா என்று மூன்று தடவை பார்த்து, இருபத்துநாலில் கோடு போட்டாள். கீழே மேனேஜர் வந்து நின்றார், குதிகால் தரையில் படாமல். அண்ணாந்து பார்த்தார். பின்பக்கத்தை ஒரு ஆட்டு ஆட்டினார்.

தொப்.

கைக்கோடு போயே போச்சு. மேனேஜர் அதன்மேல் முழு நீளத்துக்குப் படுத்து, லீவு கிடையாது என்கிற முகத்தோடு அவளைப் பார்த்தார். டெய்லரக்கா அளவுக்கட்டையை ஓங்கினாள். ஓங்கிய கை ஓங்கினபடியே நின்றது. கண் மட்டும் நிற்காமல் வழிந்தது.

"அப்போ என் முழுக்கை?" என்று வாசலிலிருந்து கேட்டார் டிரைவர்.

"உங்களுக்கு அரைக்கைதான் எடுப்பா இருக்கும்," என்று சொல்லிவிட்டு, மேனேஜரைச் சுற்றி வளைத்துக் கோடு போட ஆரம்பித்தாள்.