கெட்டிமேளத்தில் கரண்ட் போன கல்யாணம்

அந்த வீடியோ கேமராவைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தால் உள்ளங்கை சுடும். நோர்வூட்டின் காலைக் குளிருக்கு அது எனக்கு இதமாகத்தான் இருந்தது...

அப்போது நான் ஹட்டனில் நசீர் நானாவின் ஸ்டுடியோவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அவர் என்னைத் தனியாக அனுப்பிய முதல் கல்யாணம் அது.

கேமரா சின்னதுதான். ஆனால் பேட்டரி செத்துப்போயிருந்தது. வயரை பிளக்கில் சொருகித்தான் எடுக்க வேண்டும். இன்னொரு வம்பும் உண்டு. ஸ்டாப் பட்டனை அழுத்தினால்தான் எடுத்தது கார்டில் சேவ் ஆகும். அதற்கு முன்னால் கேமரா அணைந்தால், அந்தக் காட்சி போனது போனதுதான்.

தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கல்யாணம். மணப்பெண் சுமதி. அவளுடைய அக்கா ராணி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தார். லீவு கிடைக்கவில்லை. வீடியோவே அவருக்காகத்தான்.

"தாலி கட்டுறத மட்டும் விட்றாத தாயி. ராணி அதத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா" என்று சுமதியின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கெட்டிமேளம் முழங்கியது. அட்சதை பறந்தது. மாப்பிள்ளை தாலியை எடுத்துக் குனிந்தார்...

கோயில் பல்பு அணைந்தது. என் கேமராவும்.

பட்டப்பகல், அதனால் கரண்ட் போனதை யாரும் கவனிக்கவே இல்லை. மேளம் அதுபாட்டுக்கு முழங்கியது. நான் மட்டும் கறுத்துப்போன திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கரண்ட் திரும்பி வந்ததும் கார்டைப் பார்த்தேன். சுமதி மணவறைக்கு வந்தது இருந்தது. தாலி கட்டியது இல்லை.

சுமதியின் அம்மாவிடம் சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் முகம் வாடிப்போனது. "இப்ப ராணிக்கு என்னத்தக் காட்டுறது?"

"இன்னொருக்கா கட்டிட்டாப் போச்சு" என்றார் மாப்பிள்ளை.

பூசாரி பதறிவிட்டார். "ஐயையோ, தாலிய ரெண்டு தடவ கட்டக் கூடாது தம்பி!"

அப்போதுதான் மாப்பிள்ளையின் அத்தை சேலையைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார்.

"நான் பக்கத்துலதான நின்னேன்? கேமராவ இங்கிட்டுத் திருப்பு புள்ள. நடந்தத அந்தப் புள்ளைக்கு நான் சொல்றேன்."

திருப்பினேன். "ராணி, நல்லா கேட்டுக்க. மாப்ள கை நடுங்குன நடுக்கத்துல முடிச்சே விழல. மூணாவது முடிச்ச நாத்தனாதான் போட்டா. மாப்ள அழுதுட்டான்!"

"யாரு அழுதா? மால தண்ணி கண்ணுல பட்ருச்சு" என்று மாப்பிள்ளை குறுக்கே பாய்ந்தார்.

அவ்வளவுதான். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு நிற்பது மாதிரி கோயில் வாசலில் ஆட்கள் வரிசையில் நின்றுவிட்டார்கள். ஒருவர் பேசி முடித்ததும் ஸ்டாப் அழுத்துவேன். சேவ் ஆனதா என்று பார்ப்பேன். பிறகுதான் அடுத்தவர். "பதிஞ்சிருச்சா? பதிஞ்சிருச்சா?" என்று எல்லோரும் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள்.

மேளக்காரர், "எனக்கு ஒண்ணுமே தெரியல தங்கச்சி, முன்னுக்கு நின்னவங்க மறைச்சிட்டாங்க. அடின்னாங்க, அடிச்சேன்" என்றார்.

சுமதியின் அம்மா மகளைப் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டார். பிறகு, "நீ அனுப்புன சேலையத்தான் கட்டியிருக்கா ராணி. அவளப் பாக்குறப்ப ஒன்னயப் பாத்த மாதிரியே இருந்துச்சு" என்றார்.

கடைசியாகச் சுமதி. "அக்கா, நான் குனிஞ்ச தல நிமிரல. இவங்க சொல்றது எல்லாம் நெசமான்னு எனக்கே தெரியாது!" கோயில் வாசலே சிரித்தது.

நசீர் நானா அதை சி.டி. போட்டுக் குவைத்துக்கு அனுப்பினார். சில வாரம் கழித்து ஸ்டுடியோவுக்கு போன் வந்தது. ராணி அக்கா.

"தாலி கட்டுறது இல்லன்னதும் மொதல்ல அழுதேன்மா. அப்பறம் பாத்தா நம்ம லயத்து வீட்டுச் சனம் மொத்தமும் எங்கூடப் பேசுது! நான் வேல செய்ற வீட்டு மேடம் கூட ஒக்காந்து பாத்துச்சு. ஒரு வார்த்த புரியல, ஆனா ஒரே சிரிப்பு."

இப்போது எனக்குச் சொந்தமாக ஸ்டுடியோ இருக்கிறது. ரெண்டு கேமரா, பை நிறைய பேட்டரி. எடுக்க எடுக்க ரெண்டு கார்டில் சேவ் ஆகிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் போனிலேயே லைவ் பார்க்கிறார்கள். போன வாரம் ராகலையில் எடுத்த கல்யாணத்தில் ஒரு நொடிகூடத் தவறவில்லை.

ஆனாலும் ஆசை விடவில்லை. சாப்பாட்டுப் பந்திக்குப் போகிறவர்களை மறித்து, "தாலி கட்டுனப்ப என்னா பாத்தீங்க, சொல்லுங்க" என்று கேட்டேன்.

"அதான் வீடியோவுல இருக்குமே அக்கா" என்று சொல்லிவிட்டு, கேமராவுக்குக் கையைக் காட்டிக்கொண்டு போய்விட்டார்கள்...