சிவப்பு அட்டை மாட்டிய கவிதைகள்

என் இணையப் பக்கம் வெள்ளைதான் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். பனி பெய்யாத ஊர்க்காரன் பனியைக் கற்பனை செய்வதுபோல ஒரு வெள்ளை. நடுவில் ஒரே ஒரு வரி. ஒரு மூலையில் நான், முதுகைக் காட்டியபடி, ஏரியைப் பார்த்துக்கொண்டு. எந்த ஏரி என்று யாருக்கும் தெரியக்கூடாது. படப்பை ஏரி என்று தெரிந்தால் எதிர்க்கரை மனை விளம்பரமும் தெரிந்துவிடும்.

இருபது வருடமாக உரைநடைக் கவிதை எழுதுகிறேன். ஒரு மேடையும் என்னை அழைத்ததில்லை. வெளியூர் இலக்கிய முகாம் ஒன்றுக்கு, வந்து வாசிக்க ஆசை என்று வெட்கத்தை விட்டு எழுதினேன். பதில் வந்தது: உங்கள் இணையதள முகவரியைச் சனிக்கிழமைக்குள் அனுப்புங்கள், பார்த்துவிட்டு அழைக்கிறோம். என்னிடம் இணையதளம் இல்லை. ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர் வேலை இருந்தது, நாற்பத்தொரு கவிதைகள் இருந்தன.

எங்கள் தொழிற்சாலையின் அறிவிப்புப் பலகைகள் அத்தனையும் சேரப்பணஞ்சேரிப் பெண் ஒருவரின் கைவண்ணம். கையுறை போடு, தலை பத்திரம், பச்சை அம்பு, தரையில் மஞ்சள் கோடு எல்லாம் அவர் வேலை. இணையப் பக்கமும் செய்வார் என்று கேள்விப்பட்டு, கேன்டீனில் சாம்பார் சாதத் தட்டோடு எதிரில் போய் உட்கார்ந்தேன்.

“கஸ்டமர் யாரு சார்?” என்றார் எடுத்ததும்.

“கவிதைக்குக் கஸ்டமர் கிடையாதும்மா.”

“அப்ப சனிக்கெழம யாருக்கு சார் அனுப்பறீங்க?”

பக்கத்தை வரைந்து வைத்திருந்த தாளை நீட்டினேன். திருப்பிப் பார்த்தார்.

“இன்னா சார், ஒண்ணுமே இல்ல? பிரிண்டர்ல இங்க் தீந்துபோச்சா?”

“அது மௌனம்மா.”

“இன்னாவோ போங்க. வெள்ள வெச்சா அழுக்கு தெரியும். முதுகு காமிச்சிகினு நின்னா நம்ம கேட்டு செக்யூரிட்டியே உள்ள வுடமாட்டான்.”

ஆடிட்டுக்கு வெளியாள் வந்தால், உள்ளே காலடி வைத்த மூன்றாவது விநாடியில் எது எங்கே என்று தெரிந்துவிட வேண்டும். இந்தப் பெண்ணுக்கு அதுதான் அழகியல். “மொதல்ல சாமான கொறைங்க சார். நாப்பத்தோரு கவித வெச்சா குடோனாயிடும். நீங்கதான் இன்ஸ்பெக்டராச்சே, பாத்து பிரிங்க” என்று ஒரு கட்டு சிவப்பு அட்டையைக் கையில் திணித்தார். பழுதான பாகத்தில் நாங்கள் கட்டித் தொங்கவிடும் அதே அட்டை. என்ன பழுது என்று எழுத ஒரு கோடு, கையெழுத்துக்கு ஒரு கட்டம்.

மூன்று மதிய இடைவேளைகளில் பிரித்தேன். என் பிள்ளைகள் என்று கூடப் பார்க்கவில்லை. ‘உவமை ஆடுகிறது.’ ‘முடிவில் விரிசல்.’ ‘அளவுக்கு மேல் நிலா.’ ‘சோகம் துருப்பிடித்துள்ளது.’ ‘இதே பாகம் சென்ற வருடமும் வந்தது.’ ஒவ்வொன்றிலும் கையெழுத்தும் போட்டேன், பழக்கதோஷம். தேறியவை ஐந்து. அவற்றைத் திரும்ப வாசித்தேன். ஒரு குறையும் இல்லை. குறை இருக்க அவற்றில் எதுவுமே இல்லை.

தேறியதையும் கழித்ததையும் ஒரே கட்டாக அவரிடம் கொடுத்தேன். சனிக்கிழமை காலை கம்பெனி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து முகவரி வந்தது. வடக்குப்பட்டு அருகே சிக்னல் இல்லாமல் பக்கம் திறக்க மறுத்துச் சுற்றிக்கொண்டே இருந்தது. அது திறப்பதற்குள், ஆசை யாரை விட்டது, முகவரியை முகாமுக்கு அனுப்பிவிட்டேன். பிறகு திறந்தது.

இடப்பக்கம் பச்சைப் பட்டை, கீழே ஐந்து கவிதைகள். வலப்பக்கம் சிவப்புப் பட்டை, கீழே முப்பத்தாறு. அந்த முப்பத்தாறின் தலையிலும் என் அட்டை, என் கையெழுத்தோடு. சுற்றிலும் மஞ்சள் கோடு. நட்டநடுவில் ஹெல்மெட்டோடு நான், கம்பெனி அடையாள அட்டைக்கு எடுத்த படத்தில், பார்ப்பவரை முறைத்தபடி.

போன் போட்டேன். “என்னம்மா இது, கழிச்சதையெல்லாம் ஏன் வெச்சே?”

“ரிஜெக்ட்ட மறைச்சி வெச்சா ஆடிட்ல மாட்டிக்குவோம்னு கிளாஸ்ல சொன்னது யாரு சார்? எல்லாரும் பாக்கற மாதிரி, காரணத்தோட வைக்கணும்னு சொன்னீங்கல்ல. அப்டிதான் பண்ணிகீறேன்.”

உண்மைதான். புதிதாகச் சேர்பவர்களுக்கு அந்த வகுப்பை எடுப்பது நான்.

பத்து நாளில் பதில் வந்தது, மிகுந்த மரியாதையோடு. இப்படி ஒரு பக்கத்தைப் பார்த்ததே இல்லையாம். படைப்பாளி தன்னை எப்படிக் காட்டிக்கொள்வது என்று ஓர் அமர்வு வைத்திருக்கிறார்களாம், வடிவமைத்தவர் வந்து பேச முடியுமா என்று கேட்டிருந்தார்கள். எனக்கும் ஒரு வாக்கியம் ஒதுக்கியிருந்தார்கள்: அட்டைகளில் உள்ள குறிப்புகளை மிகவும் ரசித்தோம். கவிதை வாசிப்பில் இடம் நிரம்பிவிட்டது.

கேன்டீனில் செய்தியைச் சொன்னேன். “நானா? மைக்லயா? அய்ய, போங்க சார்” என்றார். ஒரு வாய் சாதம் போனதும், “சனிக்கெழமையே கெளம்பணுமே, லீவு லெட்டர்ல இன்னா காரணம் எழுதறது?” என்றார். நான் இலக்கியக் கூட்டங்களுக்குப் போன போதெல்லாம் வயிற்றுவலி என்றுதான் எழுதியிருக்கிறேன். அவர் உள்ளதை எழுதிக் கொடுத்தார். மேனேஜர் கைகுலுக்கி அனுப்பினார்.

மேடையில் வாசிக்க அவரைப் பற்றி நான்கு வரி அறிமுகம் கேட்டிருந்தார்கள். “நீங்களே எழுதிக் குடுங்க சார். நீட்டாதீங்க.”

ஒரு வாரம் எழுதினேன் அந்த நான்கு வரியை. என் எழுத்து முதன்முதலாக ஒரு மேடையில் ஒலிக்கப்போகிறது. பஸ்ஸில் முணுமுணுத்து, மூச்சு எங்கே நிற்கிறது என்று பார்த்து, இரண்டாம் வரியில் ஒரு சொல்லை எடுத்து, மறுநாள் திரும்ப வைத்தேன்.

முகாம் நடந்த ஞாயிறு மதியம் அவரே கூப்பிட்டார்.

“சார், நீங்க எழுதினத மைக்ல படிச்சாங்க. செம கைத்தட்டு!”

“எந்த வரிக்கும்மா?”

“வரிக்கெல்லாம் இல்ல சார். படிச்சி முடிச்சிட்டாங்க, அதுக்கு.”

அப்படியும், எவ்வளவு நேரம் தட்டினார்கள் என்று கேட்டேன்.