டேப்பின் மறுமுனை

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். இது என் அத்தானுக்கு நடந்தது. அவர் அளவு எழுதிய நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

பழைய கட்டடங்களை அளந்து வரைபடம் போடுவது அத்தானின் தொழில். டேப்பின் மறுமுனையைப் பிடிப்பவள் என் அக்கா. முனையில் கொக்கி உடைந்துபோனதால், அவள் எப்போதும் ஒரு அங்குலக் கோட்டைத்தான் சுவரோடு வைத்துப் பிடிப்பாள். வந்த அளவில் ஒன்றைக் கழித்து அத்தான் எழுதுவார். இது அவர்கள் இருவருக்குள் இருந்த ஏற்பாடு. வேறு யாருக்கும் தெரியாது.

அக்கா போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. மனுஷன் பாதியாக இளைத்துப் போயிருந்தார்.

அன்று அவர் தனியாக அளக்கப் போனது ஆளில்லாத ஒரு மூன்று மாடிச் செங்கல் வீடு. இருபுறமும் வீடுகள் ஒட்டி நின்றதால் பக்கச் சுவர்களில் ஜன்னலே கிடையாது. தெருப்பக்க வளைவு ஜன்னல்களில் நல்ல வெயில். பின்பாதியோ பட்டப்பகலிலும் கும்மிருட்டு. காலை 11.20. டேப் முனையை இருட்டுக்குள் போட்டுவிட்டு ஜன்னலோரம் வந்தவர், பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார்.

"பிடிச்சியா?"

டேப் விறைத்தது.

அத்தான் பயப்படவில்லை. அழுதார். ஆறு அறைகள்... ஆறிலும் பேசிக்கொண்டே அளந்தார். தூக்கம் வராததைச் சொன்னார். அவள் புடவைகளை யாருக்கும் கொடுக்காததைச் சொன்னார். அவள் உயிர் போன நேரத்தில், ஆஸ்பத்திரி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். இருட்டிலிருந்து மூச்சுச் சத்தம் மட்டும்... ஒவ்வோர் அளவிலும் மறக்காமல் ஒன்றைக் கழித்தார்.

மதியம் 3.40. மேல்மாடி. ஏழாவது அறை.

டேப் வெடவெடவென்று நடுங்கியது. சரக்... சரக்... வெடுக்கென்று ஓர் இழுப்பு.

முதல்முறையாக அவர் பயந்தார். அப்போதும் ஒன்றைக் கழித்தே எண்ணைக் கிறுக்கினார். வாய் திறக்காமல் படியிறங்கி ஓடிவந்துவிட்டார்.

பத்து நாள் கழித்து, உத்தரம் மாற்றும் மேஸ்திரி போன் செய்தார்.

"சார், ஆறு ரூம்லயும் நீங்க போட்டது ஒரு இன்ச் குறையுது. மேல் ரூம் மட்டும் கரெக்ட்டா இருக்கு."

அப்படியானால் அந்த ஆறு அறைகளில் டேப்பின் நுனியையே சுவரோடு வைத்துப் பிடித்தது... அக்கா இல்லை.

போன் வந்ததும் திறந்த நோட்டை அத்தான் மூடவே இல்லை. அன்றுதான் அந்த ஒரு அங்குல விஷயத்தை என்னிடம் சொன்னார்.

"மேல இருந்தவதான்டா உங்க அக்கா. அவகிட்ட மட்டும் நான் ஒரு வார்த்தை பேசல."