ஏழாவது ஸ்ரிக்

2013 மாசியில், சுவிஸின் டீட்டிகோன் புகையிரத நிலையத்தில் வைத்து அவர் அந்த யூ.எஸ்.பி. ஸ்ரிக்கை என்னிடம் தந்தார். களஞ்சியத்தில் என்னோடு வேலை செய்பவர். ஊரில் தாய் இறந்து இரண்டு மாதம். அவரிடம் இருந்த தற்காலிக அகதி அனுமதி அட்டையோடு இலங்கைக்குப் போய்வர முடியாது. செத்தவீட்டு வீடியோவைத் தங்கை அந்த ஸ்ரிக்கில் போட்டு, இங்கே திரும்பிய ஒருவரின் கையில் கொடுத்தனுப்பியிருந்தாள்.

"என்ர ரீவி இதை வாசிக்குதில்லை அண்ணை. நீங்கள் ஒழுங்கான ஆள். ஒரு டிவிடியில அடிச்சுத் தாங்கோ. அம்மான்ர முகத்தை ஒருக்காப் பாக்கோணும்."

என் வீட்டில் பெயர் ஒட்டாத ஸ்ரிக் கிடையாது. அன்றைக்கு மட்டும் ஒட்டுத்தாள் முடிந்திருந்தது. மேசையில் தமிழ்ப் பள்ளியின் ஆறு பழைய ஸ்ரிக்குகள், அழித்துக் கொடுப்பதற்காக வரிசையாக இருந்தன. எல்லாம் கறுப்பு. அவருடையதும் கறுப்பு. சட்டைப்பையிலிருந்து எடுத்து வரிசைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

ஸ்ரிக்கை விரைவாக அழித்தால் உள்ளே இருப்பது உண்மையில் போகாது. எது எங்கே என்ற பட்டியல்தான் போகும், தெரிந்தவர்கள் மீட்டுவிடுவார்கள். முழுதாக அழித்தால் ஓரிடம் விடாமல் மேலே பூச்சியம் எழுதப்படும். விரைவு என்ற கட்டத்தில் இருக்கும் சரி அடையாளத்தை நான் எப்போதும் எடுத்துவிடுவேன். அன்றும் எடுத்தேன். முடித்து எண்ணினேன். ஏழு இருந்தன.

சனிக்கிழமை அவர் குளித்து, திருநீறு பூசி வந்தார்.

"இதில ஒண்டுமில்லை" என்றேன்.

ஸ்ரிக்கைக் கையில் வாங்கினார். பிறகு என் முன்னாலேயே தங்கைக்குப் போன் எடுத்தார். அவள் குரல் எனக்கும் கேட்டது.

"வெறும் ஸ்ரிக்கையோடி அனுப்பினனீ?"

"இல்லையண்ணா, போட்டுப் பாத்துத்தான் குடுத்தனான்."

"அப்ப பிளேனுக்கால இறங்கி ஓடிட்டுதோ? இஞ்ச கொம்பியூட்டர் தெரிஞ்ச அண்ணை இருக்கிறார், அவரிட்டயே கேள்."

போனை என் பக்கம் நீட்டினார்.

"அண்ணை, வடிவாப் பாத்தனீங்களோ?"

"ஓம் பிள்ளை, வடிவாப் பாத்தனான். ஒண்டுமில்லை."

"கமராக்காரரும் தன்ரையை அழிச்சுப்போட்டார்..." அவள் அழத் தொடங்க, அவர் போனைத் திரும்ப வாங்கினார். "அம்மா படுக்கையில கிடந்த காலம் முழுக்க நான்தானே அண்ணா தூக்கிப் பறிச்சனான். இதிலயோ பிழை விடுவன்?"

"கடைசி முகத்தையும் எனக்குக் காட்டாமல் விட்டிட்டாய். இனி எனக்குத் தங்கச்சி இல்லை."

போனை வைத்தார். தேநீர் கொடுத்தேன், குடித்தார். எழும்பும்போது, "வெறுஞ்சாமான்தானே, நீங்களே வைச்சிருங்கோ" என்று ஸ்ரிக்கை மேசையில் விட்டுப் போனார்.

நாட்குறிப்பில் அன்று எழுதியிருக்கிறேன்: "வந்தார். தேநீர். ஸ்ரிக்கில் ஒன்றுமில்லை." மூன்றும் உண்மை.

திங்கட்கிழமை ஒட்டுத்தாள் வாங்கி, அந்த ஸ்ரிக்கிற்கும் பெயர் ஒட்டினேன். வருடாவருடம் தைமாதம் வரும் சம்பளச் சான்றிதழை அதில்தான் சேமிக்கிறேன். அந்த மாதத்தில் ஒருநாள், இடைவேளையில் அவரிடம் கேட்பேன்:

"தங்கச்சியோட கதைச்சனீங்களோ?"

"அவளோட எனக்கென்ன கதை?" என்பார்.

அதையும் குறித்துக்கொள்கிறேன். அவள் ஊரில் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாளாம். ஸ்ரிக் பழுதில்லாமல் வேலை செய்கிறது.