வாரம் காட்டும் அட்டை

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று விருத்தாசலத்தில் யார் கேட்டாலும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேருவார்கள். வெப்சைட் பக்கத்தை முழுசாக எழுதுவதில்லை, துண்டு துண்டாக எழுதி வைத்துக்கொள்வோம், அந்தத் துண்டுக்குக் காம்போனென்ட் என்று பேர், எந்தப் பக்கத்தில் வேண்டுமோ அங்கே எடுத்துப் பொருத்திக்கொள்ளலாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், "அட, நம்ம பொம்ம அச்சு மாதிரின்னு சொல்லு" என்பார்கள். ஊரைச் சுற்றிப் பீங்கான் கம்பெனி, வேறென்ன தோன்றும். எனக்கு எரிச்சலாக வரும். அச்சை விட்டு வெளியே வந்த பொம்மை வந்ததுதான். அப்புறம் அச்சில் மூக்கைத் திருத்தினால் கடையில் உட்கார்ந்திருக்கிற பொம்மைக்கு மூக்கு திருந்துமா? என் வேலையில் திருந்தும். ஒரு இடத்தில் மாற்றினால் அந்தத் துண்டு இருக்கிற எல்லாப் பக்கத்திலும் மாறிவிடும். இதை விளக்கப் பொறுமை இல்லாமல் ஆமாம் என்று தலையாட்டிவிடுவேன்.

கம்பெனி சென்னையில், நான் வேலை பார்ப்பது வீட்டிலிருந்து. போன வருஷம் ஒரு ஆஸ்பத்திரிக்காகக் கர்ப்பிணிகளுக்கான சைட் செய்துகொண்டிருந்தோம். அதில் வாரம் காட்டும் அட்டை என்ற துண்டு என் பொறுப்பு. கடைசியாக விலக்கான தேதியைக் கொடுத்தால், இது எத்தனையாவது வாரம், உள்ளே பிள்ளை எவ்வளவு பெரிசு என்று அதுவே கணக்குப் போட்டுக் காட்டும். நெல்லிக்காய் அளவு, எலுமிச்சம்பழ அளவு, ஆரஞ்சுப்பழ அளவு. முகப்புப் பக்கம், டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கும் பக்கம், மாத்திரைப் பக்கம், ஸ்கேன் ரிப்போர்ட் பக்கம், எல்லாவற்றிலும் அதே அட்டைதான். சோதித்துப் பார்க்க ஒரு தேதி வேண்டியிருந்தது. அப்போது எனக்கும் நாள் தள்ளிப்போயிருந்தது. நிஜத் தேதி கையில் இருக்கும்போது பொய்த் தேதி எதற்கு என்று என்னுடையதையே போட்டேன். காலையில் லேப்டாப்பைத் திறந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பேன். சந்தோஷமாக இருந்தேன், மறைப்பானேன்.

ஆரஞ்சுப்பழத்தில் நின்றுபோனது. ஸ்கேனில் துடிப்பு இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். சுத்தம் செய்து அனுப்பினார்கள்.

லீவு முடிந்து மறுபடி உட்கார்ந்தபோது அட்டை மாதுளம்பழம் என்றது. அதற்கென்ன தெரியும், தேதியைக் கொடுத்தவள் நான், அது பாட்டுக்கு எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறது. எனக்கு அழுகை வரவில்லை. மனசு மரத்துப்போய்க் கிடந்தது. மாதுளம்பழம் என்ற எழுத்து படத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பதுதான் கண்ணில் பட்டது. நடுவில் கொஞ்சம் இடம் விட்டுச் சரிசெய்தேன். எல்லாப் பக்கத்திலும் சரியாகிவிட்டது.

முதல் சில நாள் வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். "சின்ன வயசுதான, அடுத்தது நல்லா தங்கிடும்" என்றார்கள். "எல்லாம் நல்லதுக்குன்னு நெனச்சுக்க" என்றார்கள். பாடம் பண்ணிக்கொண்டு வந்த மாதிரி ஆளுக்கு ஆள் அதையே சொன்னார்கள். என் வீட்டுக்காரர் அதுகூடச் சொல்லவில்லை. அவர் பொம்மைக் கம்பெனியில் பேக்கிங் பார்க்கிறார். பொம்மை உடையாமல் வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்குகிற வேலை. காலையில் போவார், சாயங்காலம் வருவார், வாயைத் திறக்கமாட்டார். போனது இவருக்கும்தானே, ஒரு வார்த்தை பேசினால் என்ன குறைந்தா போய்விடுவார் என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன்.

அந்த அட்டைக்கு நான் எழுதியிருந்தது பிரசவ நாளுக்கு முன்னால் என்ன காட்டுவது, அன்றைக்கு என்ன காட்டுவது, அதற்குப் பிறகு என்ன காட்டுவது என்பதுதான். பிறகு என்றால் 'வாழ்த்துகள் அம்மா' என்று வரும். நடுவில் நின்றுபோனால் என்ன என்று யாரும் யோசிக்கவில்லை. நானும்தான். இப்படியே விட்டால், வெறுங்கையோடு வீட்டுக்குப் போனவள் ஏதோ ஒரு மாத்திரைக்காகப் பக்கத்தைத் திறந்தாலும் அது மாங்காய் அளவு என்று காட்டும். சைட் வெளியே போவதற்குள் அதை நிறுத்தியாக வேண்டும். அந்த நாட்களில் எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

டீம் லீடிடம் வீடியோ காலில் சொன்னேன். நான் எதற்காக லீவு எடுத்தேன் என்று அவருக்குத் தெரியாது.

"அதெல்லாம் ரேர் கேஸுங்க. மொதல்ல லைவ் போயிடலாம், அப்புறம் பாத்துக்கலாம்."

"ரேர் கேஸுதான் சார் உங்ககிட்ட பேசிக்கிட்டிருக்குது."

அவர் கேமராவை அணைத்துவிட்டார். அப்புறம், "போட்டுடுங்க" என்றார்.

அட்டையின் மூலையில் 'இனி இது வேண்டாம்' என்று ஒரு பொத்தான் வைத்தேன். அழுத்திய பிறகு என்ன காட்டுவது என்பதில்தான் மாட்டிக்கொண்டேன். 'வருந்துகிறோம்' என்று எழுதினேன், அழித்தேன். 'மனம் தளர வேண்டாம்' என்று எழுதினேன், வீட்டுக்கு வந்தவர்களின் குரல் கேட்டது. வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் பக்கம் லேப்டாப்பைத் திருப்பினேன்.

"இதுல என்னங்க போடலாம்?"

படித்துப் பார்த்தார். "ஒண்ணும் போடவேணாமே" என்றார்.

"உங்களுக்கு வேற என்ன தெரியும்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு எழுந்துபோனேன். ஆனால் மறுநாள் அப்படியேதான் செய்தேன். பொத்தானை அழுத்தினால் அட்டை எதையும் காட்டாது. கீழே இருப்பது மேலே ஏறிக்கொள்ளும், அங்கே ஒன்று இருந்ததே தெரியாது. முதலில் என் தேதியில்தான் அழுத்திப் பார்த்தேன். ஒரே அழுத்து, எல்லாப் பக்கத்திலும் மாங்காய் போய்விட்டது. அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. டீ போடப் போனேன்.

பிறகு ஒருநாள், வயிற்றுக்காகத் தளர்த்தி வாங்கியிருந்த சுடிதார்களைத் திரும்பப் பிடிப்பதற்காகத் தையல்கார அக்காவிடம் எடுத்துப்போனேன். எங்கள் தெருவில் அவருக்குத் தெரியாமல் யாருக்கும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போகாது. அப்பேர்ப்பட்டவர் டேப்பைச் சுற்றினார், அளவைக் குறித்துக்கொண்டார், வியாழக்கிழமை வா என்றார், அவ்வளவுதான். எனக்கே பொறுக்கவில்லை.

"ஏங்க்கா, ஒண்ணுமே கேக்கலியே?"

"உன் வூட்டுக்காரரு அப்பவே வந்து சொல்லிட்டாரும்மா, உன்கிட்ட எதுவும் கேக்காதீங்கன்னு. மளிகக் கடையில, பால்காரருகிட்ட, ஆட்டோ ஸ்டாண்டுல, ஒரு எடம் வுடாம சொல்லியிருக்குறாரு."

யோசித்துப் பார்த்தால், அந்த முதல் சில நாளுக்குப் பிறகு தெருவில் யாரும் என்னிடம் வாய் திறக்கவில்லை. எல்லாரும் மறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அவர் வாசலில் நின்று சட்டையில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லார்கிட்டயும் என்னன்னு சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"கொழந்த இல்லன்னு."

"ஒவ்வொருத்தர்கிட்டயுமா?"

"பின்ன? ஒருத்தர்கிட்ட சொன்னா எல்லா எடத்துக்கும் போயிடுமா?" என்றார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "டீக்கடைக்கு மட்டும் ரெண்டு தடவ போவவேண்டியதாப் போச்சு. மொத தடவ வாயி வரல. டீயக் குடிச்சிட்டு வந்துட்டேன்."