வாசல் தொட்டியில் கறுப்புச் சேம்பு

கொடைக்கானலில் எதுவும் பெரிதாக வளர மாட்டேன் என்கிறது. கேரட்டும் பட்டாணியும் கொழிக்கும். முறம் அகலத்துக்கு ஒரே ஒரு இலை வேண்டும் என்று நான் ஆசைப்பட்டால் மட்டும் இந்த மலைக்குப் பொறுக்காது. தொட்டியில் அலங்கார வாழை வைத்தேன், காற்று நார் நாராகக் கிழித்தது. மான்ஸ்டெரா வைத்தேன், குரங்கு வந்து கிழித்தது.

கடைசியில் கறுப்புச் சேம்பு. என் பிறந்த ஊரான வத்தலக்குண்டில் பச்சைச் சேம்பு வாய்க்கால் ஓரம் கேட்பாரற்றுக் கிடக்கும். இது நர்சரி வகை, இலையெல்லாம் கத்தரிக்காய் நிறம். முதலில் வைத்தது குளிரிலும் ஈரத்திலும் அழுகிப்போனது. விடாமல் இன்னொன்று வாங்கி வைத்தேன். போன மழைக்காலத்தில் அது யானைக் காது அளவுக்கு இலை விரித்தபோது, தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்கழி உறைபனியில் இலைகள் கருகித் தொங்கின. இந்த முறை நான் பதறவில்லை. தொட்டியைத் தாழ்வாரத்துக்குள் இழுத்து வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டவில்லை. உள்ளே கிழங்கு தூங்கட்டும், பங்குனியில் எழுப்பிக்கொள்ளலாம்.

அதற்குள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று நான் ஊருக்குப் போக வேண்டி வந்தது. வீட்டுக்காரருக்குச் சோறு பொங்கிப் போட பூம்பாறையிலிருந்து நாத்தனார் வந்தார். அங்கே அவர்களுக்குப் பூண்டு விவசாயம். கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர்.

திரும்பி வந்து பார்த்தால் தொட்டி வாசல் வெயிலில் இருந்தது. மண்ணைக் கொத்திச் சமப்படுத்தித் தண்ணீரும் தெளித்திருந்தது.

"மதினி, இதுல இருந்த கெழங்கு?"

"தாள் பூராம் காஞ்சு கெடந்துச்சுல்ல, அதான் தோண்டிட்டேன். இன்னும் விட்டா மண்ணுலயே வீணாப் போயிரும்த்தா. ஒனக்குன்னுதான் புளிக்கொழம்பு வச்சிருக்கேன்."

அவர்கள் ஊரில் தாள் காய்ந்தால் பூண்டு பிடுங்கும் நேரம். அவர் வேறு எப்படி நினைப்பார்? ஆனாலும் கையில் போன் இருக்கிறதே, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? ஆத்திரத்தில் கண் கலங்கிவிட்டது.

"வெதைக்கு ஒண்ணாச்சும் வச்சீங்களா?"

"சேம்புக்கு என்னத்துக்கு வெத? ஒங்க ஊரு வாய்க்கா பூராம் அதான கெடக்கு! தொட்டி சும்மா கெடக்க வேணாம்னு நம்ம பூண்டை ஊண்டி விட்டிருக்கேன்."

எனக்காக ஆசையாகச் சமைத்து வைத்திருப்பவரிடம் என்னவென்று சண்டை போடுவது? உட்கார்ந்து சாப்பிட்டேன். தொண்டை அரித்தது. அது குழம்புக்கான சேம்பே இல்லை. வீட்டுக்காரர் மட்டும், "அருமையா இருக்குக்கா" என்று இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார். அவருக்கு எப்படித்தான் அரிக்கவில்லையோ.

இப்போது வாசலில் பூண்டு முளைத்து நிற்கிறது, ஒல்லி ஒல்லியாக. தெருவில் யாரும் நிற்பதில்லை. நாத்தனார் அடிக்கடி போன் போட்டுக் கேட்கிறார்: "பூண்டு எப்படித்தா இருக்கு?"

"நல்லா வருதுங்க மதினி."

பொய்யில்லை. அந்தத் தொட்டியில் நான் வைத்த எதுவும் இவ்வளவு ஜோராக வந்ததில்லை. தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.