என் காரில் பெருகிய ஒயில்

முதலில் என் பேய்த்தனத்தை, முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். என் காரின் என்ஜினுக்குள் ஒயில் தானாகப் பெருகுகிறது, அது அல்லாஹ் தந்த பறக்கத்து, அவனுடைய அருள் என்று நான் நம்பினேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. நோன்புக்கு முந்திய மாதம் தொடங்கி ஹஜ்ஜுப் பெருநாள் வரும்வரை நம்பினேன். ஐம்பத்து மூன்று வயது, கந்தோரில் கையெழுத்துப் போடுகிற உத்தியோகம், தலையில் பாதி நரை. அப்படியும் நம்பினேன்.

கார் பழைய ஜப்பான் டீசல் கார். வெள்ளை, ஆட்டோ கியர். எனக்கு முன்னர் மூன்று பேர் ஓட்டிக் களைத்தது. நாட்டில் வாகனம் இறக்குமதி நின்று, பிறகு திறந்தபோது, புதுக் கார் என்பது எங்களைப் போன்றவர்கள் போனில் படம் பார்க்கிற சாமானாகிவிட்டது. இதுதான் என் கடைசிக் கார் என்று அன்றைக்கே விளங்கிவிட்டது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. என் மனிசிக்கு இரண்டு முழங்காலும் சரியில்லை. பஸ் படியில் ஏற முடியாது. ஓட்டோவுக்குள் குனிந்து நுழைய முடியாது. இந்தக் காரின் இடது பக்க சீற்றை, ஒட்டு வேலைக்காரரிடம் கொடுத்து நாலு இரும்புக் கால் வைத்து உயர்த்தினேன். கதவுக்கு மேலே கழித்துப்போட்ட பஸ் ஒன்றின் கைபிடிக் கம்பியைப் பூட்டினேன். அதைப் பிடித்து, முதலில் உட்கார்ந்து, பிறகு காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுப்பாள். உலகத்தில் அவள் ஏறக்கூடிய வாகனம் அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் அக்கரைப்பற்றுக்குப் போவோம். அங்கே அவளுடைய மூத்த சகோதரி, ராத்தா, படுக்கையில் இருக்கிறார். வாதம் அடித்து, பேச்சு நின்றுபோனது. இவள் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருப்பாள். இரண்டு பேரும் ஒன்றும் கதைக்கமாட்டார்கள். திரும்பி வருகிறபோது இவள் முகம் கழுவி விட்டதுபோல் இருக்கும். கார் நின்றால் அதுவும் நின்றுவிடும்.

ஆகவே நான் அந்தக் காரை ஓட்டினேன் என்று சொல்வது பிழை. நான் பயந்துகொண்டிருந்தேன், அது ஓடியது.

இரவில் காருக்கடியில் காட்போட் விரித்து வைப்பேன். சுபஹு தொழுதுவிட்டு வந்ததும் அதை இழுத்து, சொட்டு விழுந்திருக்கிறதா என்று பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி பார்ப்பேன். ஒருநாள் மஞ்சளாக ஒரு சொட்டு. றேடியேட்டர் தண்ணியாக இருக்குமோ? விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். பூனை.

எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் இடையில் இரண்டு ஒழுங்கைத் தெருதான். உப்புக் காற்று கதவு ஆணியைக்கூட விடாது. மாதம் ஒருமுறை காரின் அடிப்பாகத்தை நல்ல தண்ணியால் கழுவி, காயவிட்டு, கழிவு ஒயிலைத் தும்பால் பூசுவேன். பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்ப்பார். எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்பார்கள். "என்ன காக்கா, காருக்கு எண்ண வெச்சி முழுக வாக்கிறீங்களா?" ஓம் என்பேன். சிரிப்பேன். உள்ளே, அந்த இடத்தில் துரு ஒன்று கண்டேனே, அது நேற்றைக்கு இருந்ததா, இன்றைக்கு வந்ததா என்று நடுங்கிக்கொண்டிருப்பேன்.

பயத்தில் செய்த வேலை இன்னொன்றும் உண்டு. என்ஜின் காற்று இழுக்கும் வாய் கீழே சக்கரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. மாரி காலத்தில் றோட்டில் தண்ணி நிற்கும். அதை இழுத்தால் என்ஜின் ஒரே இழுவையில் மவுத்தாகிவிடும் என்று ஆரோ சொல்லக் கேட்டேன். அன்றிரவு நித்திரை இல்லை. மறுநாள் வீட்டுக் குழாய் வேலையில் மிஞ்சிக் கிடந்த முழங்கைப் பைப் ஒன்றை எடுத்து, அந்த வாயைப் பொனட்டுக்குக் கீழே மேல்பக்கம் பார்க்க வைத்துப் பூட்டினேன். மனிசி வந்து பார்த்தாள். "இதென்ன, ஆனைட தும்பிக்கையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இப்படிப்பட்ட ஆளுக்குத்தான் ஒயில் பெருகியது.

கிழமைக்கு ஒருமுறை ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்துத் துடைத்துப் பார்ப்பது என் வழக்கம். பழைய டீசல் என்ஜின் ஒயில் குடிக்கும், குறைகிறபோது ஊற்ற வேண்டும் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். என்னுடையது குறையவில்லை. மேல் கோட்டிலேயே நின்றது. அடுத்த கிழமை கோட்டுக்குக் கொஞ்சம் மேலே. பிறகு இன்னும் மேலே. பள்ளிவாசலில் அந்த நாட்களில் பறக்கத்தைப் பற்றிப் பயான், மார்க்கப் பிரசங்கம் நடந்தது. கொஞ்சம் சோறு நிறையப் பேருக்குப் போதுமான கதை. நோயாளியைப் பார்க்கப் போகிற காருக்கு அல்லாஹ் உதவி செய்கிறான் என்று கணக்குப் போட்டுவிட்டேன். கண்ணூறு பட்டுவிடும் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. மனிசியிடம் மட்டும் சொன்னேன்.

அவள் கம்பியை வாங்கி மூக்கருகில் பிடித்தாள். "ஒயில் மணக்கல்ல. டீசல் மணக்கிது."

"டீசல் கார் டீசல்தான் மணக்கும் புள்ள."

"அந்த மெக்கானிக் தம்பிக்கிட்டக் காட்டுங்களன்."

பாண்டிருப்பு மெக்கானிக்கை அவள் சொன்னாள். பத்து வருசமாக எங்கள் காரைப் பார்க்கிறவர். காட்டுகிறேன் என்றேன். காட்டவில்லை. இங்கேதான் உண்மையைச் சொல்ல வேண்டும். ஒயில் பெருகினால் அது நல்லதாக இருக்க முடியாது என்று உள்ளுக்குள் எனக்குத் தெரியும். அவர் கம்பியைப் பார்த்துவிட்டு, "காக்கா, என்ஜின இறக்கணும்" என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். அந்த ஒரு வசனத்தைக் கேட்காமல் இருப்பதற்காக நாலு மாதம் பறக்கத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன்.

பெருநாளுக்கு முந்திய வெள்ளிக்கிழமை. நிந்தவூர் தாண்டி, இரண்டு பக்கமும் வயல். ஒலுவில் வருவதற்குள், நான் அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்த பிறகும் கார் வேகம் குறையவில்லை. பிறேக்கை மிதித்து ஓரங்கட்டினேன். கியரை நடுவில் போட்டேன். என்ஜின் சத்தம் ஏறியது. கால் ஒன்றிலும் இல்லை, இரண்டு காலும் தரையில், சத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. பின்னால் வெள்ளைப் புகை எழும்பி றோட்டை மூடியது. பழைய டீசல் கார் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. ஆட்டை அறுக்கக் கொண்டுபோகிறபோதுகூட இப்படிக் கத்தாது.

சாவியைத் திருப்பினேன். நிற்கவில்லை. சாவியைக் கழற்றினேன். நிற்கவில்லை. சாவி என் கையில் இருக்கிறது, என்ஜின் இன்னும் வேகமாக ஓடுகிறது. முப்பது வருசம் வாகனம் ஓட்டியவன் நான். சாவியைக் கழற்றினால் என்ஜின் நிற்கும் என்பது எனக்குச் சூரியன் கிழக்கில் உதிக்கும் என்பதைப்போல. அந்த இடத்தில் என் புத்தி அறுந்தது. ஜின் ஏறிவிட்டது என்று நினைத்தேன். வெடிக்கப் போகிறது என்றும் நினைத்தேன். இரண்டையும் ஒன்றாக நினைத்தேன்.

"புள்ள, இறங்கு!" என்று கத்தினேன். கதவைத் திறந்து பாய்ந்தேன். ஓடினேன்.

இடது கால் செருப்பு காரடியில் கழன்று விழுந்தது. எடுக்கவில்லை. வாய்க்காலைத் தாண்டி வரம்பில் ஏறி, அங்கேயிருந்து திரும்பிப் பார்த்தபோதுதான், என்னுடன் ஒருவரும் ஓடி வரவில்லை என்பது தெரிந்தது. அவள் எப்படி ஓடி வருவாள்? அவளை இறக்குவதென்றால் நான் போய்க் கதவைத் திறந்து, தோளைக் கொடுக்க வேண்டும். முப்பது வருசக் குடும்பம். அவள் காலுக்கு ஏற்ற மாதிரி சீற் உயர்த்தியவன் நான். அவளை அந்தச் சீற்றிலேயே விட்டுவிட்டு வயலில் நிற்கிறேன்.

எதிரே வந்த ஓட்டோ ஒன்று நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டி, "சாவிய நிப்பாட்டுங்க காக்கா!" என்று கத்தினார். நான் கையைத் தூக்கிச் சாவியைக் காட்டினேன். அவர் சாவியைப் பார்த்தார், காரைப் பார்த்தார், ஓட்டோவைப் பின்னுக்கு எடுத்தார்.

போனும் காருக்குள்தான் இருந்தது. பிறகு மெக்கானிக் சொல்லித்தான் இந்தப் பகுதி எனக்குத் தெரியும். என் போனில் இருந்து அவருக்கு அழைப்பு வந்திருக்கிறது. "தம்பி, நான் அவர்ட மனிசி கதைக்கிறன். கார் கத்துது, சாவி எடுத்தும் நிக்கிதில்ல."

"காக்கா எங்க?"

"அவர் ஓடிட்டார்."

மெக்கானிக் சொல்லியிருக்கிறார்: பொனட்டைத் திறங்க, அது காத்து இழுக்கிற வாயை அடைங்க, கைய வைக்க வேணாம், துணியும் வேணாம், தட்டையா ஏதாவது வைங்க.

நான் வரம்பில் இருந்து கண்டது இவ்வளவுதான். புகைக்குள் இடது கதவு திறந்தது. ஒரு கை மேலே கம்பியைப் பிடித்தது. ஒரு கால் வெளியே வந்தது. நேரம் எடுத்து மற்றக் கால் வந்தது. காரைப் பிடித்துப் பிடித்து முன்னால் சுற்றி, என் பக்கக் கதவருகே வந்து, உள்ளே கையைவிட்டுப் பொனட்டின் கொக்கியை இழுத்தாள். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். குனிய முடியாதவள் குனிந்து எதையோ எடுத்தாள். நான் கத்துகிறேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. கலிமா பாதி, அவள் பெயர் பாதி. காலைத் தூக்கினேன், கால் வரவில்லை. இதைப் பகிடியாக எழுத எனக்கு வரவில்லை.

பொனட் எழும்பியது. அவள் கை உள்ளே போனது. "டப்" என்று ஒரு சத்தம். கார் முழுக்க ஒருமுறை உதறியது. பிறகு வயலில் கொக்குகள் கத்துவது கேட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் முன் சக்கரத்தில் சாய்ந்து றோட்டில் இருந்தாள். என்னை மேலிருந்து கீழே பார்த்தாள், சேறு பிடித்த வெறுங்கால்வரை.

"எங்க போன நீங்க?"

"உதவிக்கு ஆள் கூப்பிட."

"வயலுக்குள்ள ஆரு, கொக்கா?"

மெக்கானிக் கயிறு கட்டிக் காரை இழுத்துப் போனார். கராஜில் வைத்துக் கம்பியை இழுத்து மணந்தார். "காக்கா, இதில ஒயில விட டீசல் கூட. எப்ப இருந்து ஏறுது?"

"நோன்புக்கு முதல்ல இருந்து."

"ஏன் சொல்லல்ல?"

"பறக்கத்தெண்டு நெனச்சன்."

அவர் மரியாதையான மனிசன். காருக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டார். வெளியே தெரிந்த இரண்டு கால்களும் வெகுநேரம் குலுங்கின.

இரண்டு வெள்ளிக்கிழமை நாங்கள் அக்கரைப்பற்றுக்குப் போகவில்லை. அவள் உடுத்துக்கொண்டு முன் விறாந்தையில் இருந்துவிட்டு, அசர் தொழுகைக்குப் பிறகு உடுப்பை மாற்றினாள். என்ஜின் உயிரோடு இருக்குமா என்று நான் ஒருநாளைக்கு மூன்று தரம் கராஜுக்குப் போனேன். அவள் ஒருதரமும் கேட்கவில்லை. மூன்றாவது வெள்ளி, கார் வந்தது. கம்பியைப் பிடித்து உட்கார்ந்து, காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்தாள். ராத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு அன்றைக்கு அதிக நேரம் இருந்தாள்.

நடந்தது இதுதான். டீசல் பம்பின் சீல் ஒன்று தேய்ந்து, டீசல் சொட்டுச் சொட்டாக ஒயிலுக்குள் இறங்கியிருந்தது. அளவு மீறியதும் என்ஜின் அந்த ஒயிலையே இழுத்து எரித்து ஓடியது, அதனால்தான் சாவிக்கு நிற்கவில்லை. அதை நிறுத்தியது என் மனிசி, நான் வைத்த தும்பிக்கையின் வாயில், நான் விட்டுவிட்டு ஓடிய இடது கால் செருப்பை வைத்து.